காகிதப்பட்டை மேப்பிளா, திபெத்திய செர்ரியா, ஸ்டூவர்ட்டியாவா?

இங்கிலாந்தில் சின்னத் தோட்டம். ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம். பட்டையும் அழகாக இருக்க வேண்டும், இலையும் நிறம் மாற வேண்டும். இப்படிக் கேட்டால் எனக்கு முதலில் தோன்றுபவை இந்த மூன்றும்தான். இலை நிறம் இரண்டு மூன்று வாரக் கொண்டாட்டம். பலமாக ஒரு காற்றடித்தால் அதுவும் போச்சு. அப்புறம் வசந்தம் வரை பட்டைதான் கண்ணுக்குத் துணை. அதனால் பட்டையைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பார்த்ததும் மயக்குவது செர்ரி. செம்புச் சிவப்பில் மெருகேற்றியது போன்ற பளபளப்பு, குறுக்கே வளையம் வளையமாகக் கோடுகள். ஈரமான இடத்தில் பாசி படிந்து மங்கும். துணியை நனைத்துத் துடைத்தால் பழைய மினுக்கு திரும்பிவிடும். ஆனால் ஒல்லியான இலைகள் மஞ்சளாகி உதிர்வதோடு சரி. வெள்ளைப் பூக்களும் இலைகளோடு சேர்ந்தே வருவதால் எடுபடாது. வெட்டிய இடம் வழியாகப் புகுந்து செர்ரிகளைத் தாக்கும் வெள்ளி இலை என்ற பூஞ்சை நோய்க்குப் பயந்து, கிளை வெட்டுவதைக் கோடையிலேயே முடித்துவிட வேண்டும்.

என் ஓட்டு மேப்பிளுக்கு. மத்திய சீனாவின் மரம் இது. 1901-ல் செடிகளைத் தேடிப் பயணித்த எர்னஸ்ட் வில்சன், வீட்ச் என்ற நர்சரிக்காக இதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். பட்டை லவங்கப்பட்டை நிறத்தில் மெல்லிய சுருள்களாக உரிந்து, விழாமல் கிளையிலேயே தொங்கும். ஜனவரியில் தாழ்ந்து வரும் வெயில் பின்னாலிருந்து பட்டால் ஒவ்வொரு சுருளும் ஒளி ஊடுருவிச் செம்மஞ்சளாக எரியும். இதற்காக முதுமரமாகும்வரை காத்திருக்க வேண்டாம், இளங்கிளையிலேயே உரியத் தொடங்கிவிடும். மும்மூன்றாக இருக்கும் இலைகள் அக்டோபரில் ஆரஞ்சாகி, பிறகு ரத்தச் சிவப்பாகும். நீர் தேங்காத களிமண்ணிலும் வளரும்.

குறை என்றால் விலைதான். விதைகளில் பெரும்பாலானவை உள்ளே வெறுமை. நல்ல விதைகூட முளைக்க இரண்டு வருடம் எடுக்கலாம். வளர்வதும் மெதுவாகத்தான். சின்னத் தோட்டத்துக்கு அந்த மெதுவே நல்லது என்பேன்.

ஜப்பானிய ஸ்டூவர்ட்டியா தேயிலைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கோடையின் நடுவில் வெள்ளைப் பூ, இலையுதிர் காலத்தில் ஆரஞ்சும் ஊதாச் சிவப்பும். பூவையும் கணக்கில் சேர்த்தால் மற்ற இரண்டையும் இது மிஞ்சிவிடும். ஆனால் தேயிலையைப் போலவே இதற்கும் அமில மண் வேண்டும், ஈரம் காயக் கூடாது. நட்டபின் இடம் மாற்றினால் வேர் தாங்காது. பட்டை திட்டுத்திட்டாக உரிந்து அழகு காட்டவும் பல வருடம் ஆகும். மண் அமிலமாக இருந்து, பொறுமையும் இருந்தால் தாராளமாக இதையே வையுங்கள். சுண்ணாம்பு மண் என்றால் ஆசையே வேண்டாம்.

எதை வாங்கினாலும் அக்டோபரில் நர்சரிக்குப் போங்கள், இலை நிறத்தைக் கண்ணால் பார்த்தே கன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மேப்பிள் என்றால், குளிர்காலத்தில் நீங்கள் அதிகம் உட்காரும் ஜன்னலுக்கும் வெயில் வரும் திசைக்கும் நடுவில் நடுங்கள்.