ஒரு ரூபாய் கொடுத்தால் இரண்டு: சேலஞ்ச் கிராண்ட் விண்ணப்ப உதவி

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் நாங்கள் நடத்தும் படிப்பகத்தின் ஓடு மாற்ற வேண்டியிருந்தது. சேலஞ்ச் கிராண்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனேன். அது ஒரு நிபந்தனை நிதியுதவி: ஊரில் நாம் ஒரு பங்கைத் திரட்டினால்தான், கொடுப்பவர் தன் பங்கைத் தருவார். கெடு தாண்டினால் கிடையாது.

அங்கிருந்த அக்கா முதலில் கேட்டது ரசீதுப் புத்தகத்தை. பாதி அடிக்கட்டையில் பெயர்கூட இல்லை. "என்ன அண்ணாச்சி, நன்கொடைக்கு வரிச்சலுகை தர்ற 80ஜி பதிவை வச்சுக்கிட்டு பான் நம்பர் வாங்காம விட்டிருக்கியளே!" 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை இல்லை என்பதையும் ரசீதிலேயே அச்சடிக்க வைத்தார்.

அப்புறம் வசூல். "நீங்க ஒண்ணு குடுத்தா அது ரெண்டாகும்" என்றதும் அப்பளம் இடும் ஆச்சிகள்கூட முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். முன்பு ஒன்பது உறுப்பினர்தான் மாறி மாறிக் கொடுப்போம். இப்போது நோட்டில் நூற்றுச் சொச்சம் பெயர். கிராண்ட் இன்னும் வரவில்லை. ஆனால் கணக்குக் கேட்க ஆள் வந்துவிட்டது, அதுவும் நல்லதுக்குத்தான்.

குறை? அந்த ஆபீஸில் போனை எடுக்கவே மாட்டார்கள். பட்ஜெட்டில் ஓட்டுக்குப் பதில் தகரம் என்று போட்டு, கடைசி ராத்திரி திருத்தினோம். ஜெராக்ஸை வெளியிலேயே எடுத்துப் போங்கள்; அங்கே பக்கத்துக்கு மூன்று ரூபாய்.