சி மொழில ஷா-256 (எந்த டேட்டாவையும் 256 பிட் கைரேகை மாதிரி சுருக்குற ஹேஷ் முறை) எழுத ஃபிப்ஸ் 180-4 (அதுக்கான அமெரிக்க அரசு தரநிலை) போதுமா? தாராளமா போதும்

அமெரிக்க தரநிலை அமைப்பான நிஸ்ட் 2015-ல வெளியிட்ட பிடிஎஃப், காசு கிடையாது, இத மட்டும் பக்கத்துல வச்சுக்கிட்டு சி-ல ஷா-256 எழுதி முடிச்சேன், அவ்ளோ தெளிவா இருக்கு. 64 ரவுண்டு, 8 வேரியபிள், எங்க ரொட்டேட் எங்க ஷிஃப்ட்னு எல்லாமே அப்படியே போட்டிருக்கு. பேடிங் (மெசேஜ 64 பைட் பிளாக்குகளா நிரப்புறது) பகுதிய மட்டும் நிதானமா படிங்க, 55 பைட் வரைக்கும் ஒரே பிளாக்ல அடங்கிடும், 56 ஆச்சுன்னா கடைசில 8 பைட் நீளம் வைக்க இடம் பத்தாது, ரெண்டாவது பிளாக் வேணும், நான் இத கவனிக்காம ஒரு ராத்திரி முழுக்க தேடினேன். இன்டெல் மெஷின்னா பைட் ஆர்டரயும் திருப்பணும். (சொந்த ப்ராஜெக்ட்ல போட நல்லா டெஸ்ட் ஆன லைப்ரரியே எடுங்க, இது கத்துக்க.) சின்ன எழுத்துல 'ஏபிசி' குடுத்ததும் ஸ்கிரீன்ல சரியான விடைப்படியே பிஏ7816பிஎஃப்னு ஆரம்பிச்சுது பாருங்க, அப்படி ஒரு சந்தோஷம்!