கிளாட்டுக்கு வீட்டிலிருந்தே படிக்க 6,500 ரூபாய் கொடுத்துப் புத்தகமும் மாக் டெஸ்டும் சேர்ந்த பேக் வாங்கலாமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தகக் கட்டுக்காக வாங்க வேண்டாம். மாக் டெஸ்டை (மாதிரித் தேர்வு) மட்டும் தனியாகக் கொடுத்தால் வாங்குங்கள்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் நுழைவுத் தேர்வுதான் கிளாட். 2024 டிசம்பர் 1 அன்று நடந்த கிளாட்டுக்கு நான் கோச்சிங் போகவில்லை. சட்டம் படிக்கப் போகிறேன் என்றாலே நம் ஊரில் பிளஸ் டூ மார்க்கைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் அரசு சட்டக் கல்லூரிகளில் அதை வைத்துத்தான் சீட். ஆனால் திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கிற தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் போக கிளாட் எழுதியாக வேண்டும். கோச்சிங் கட்டணத்தைக் கேட்டுவிட்டு அப்பா "பார்க்கலாம்மா" என்றார். எங்கள் வீட்டில் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அதனால் ஆன்லைனில் ஒரு 'வீட்டிலிருந்தே படிக்கும்' பேக் வாங்கினோம். எட்டுப் புத்தகம், நாற்பது மாக் டெஸ்ட், 6,500 ரூபாய். (கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை.)

புத்தகங்களில் பாதி லத்தீன் சட்டச் சொற்றொடர் பட்டியல், மீதி ஒரு வரிப் பொது அறிவு. முதல் மூன்று வாரம் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். அப்புறம்தான் தெரிந்தது, 2020 முதல் கிளாட்டில் இப்படி நேரடியாகக் கேட்பதே இல்லை. எல்லாப் பகுதியிலும் ஒரு பாசேஜ் (உரைப்பகுதி) கொடுத்து, அதன் கீழேதான் கேள்விகள். கரண்ட் அஃபேர்ஸும் அப்படித்தான், கணக்கும் அப்படித்தான். அந்த மூன்று வாரம் போனது போனதுதான்.

மாக் டெஸ்டிலும் ஒரு கூத்து. முதல் பன்னிரண்டு டெஸ்டில் 150 கேள்விகள். 2024 சேர்க்கைக்கான கிளாட்டிலிருந்தே 120 கேள்வி, 120 நிமிடம் என்று மாற்றிவிட்டார்களே என்று மெயில் போட்டால், "சிலபஸ் ஒன்றுதான் மேடம்" என்று பதில் வந்தது. நிறைய விடை விளக்கங்களில் 'சரியான விடை பி' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. பி என்பது எனக்கும் தெரிகிறது, ஏன் பி என்று தெரிந்துகொள்ளத்தானே காசு கொடுத்தேன்?

ஆனால் மீதி இருபத்தெட்டு டெஸ்ட் உருப்படியானவை. முதலில் எழுதியதில் ஆர்வக்கோளாறில் 120-ஐயும் எழுதினேன். 61 சரி, 59 தப்பு. ஒரு தப்புக்குக் கால் மார்க் போகும் என்பதால் கையில் நின்றது 46.25. நவம்பரில் 101 கேள்வி மட்டும் தொட்டு 22 தப்பு விட்டபோது 73.5 வந்தது. எதை விடுவது என்று எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை, தப்பான கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி எழுதித்தான் பிடிபட்டது.

அந்த நோட்டிலிருந்து ஒன்று. பாசேஜில், அனுமதியில்லாமல் அடுத்தவர் இடத்துக்குள் போனாலே அத்துமீறல், கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை என்று போட்டிருக்கிறது. கேள்வியில் ஒரு பையன் கிரிக்கெட் பந்தை எடுக்கப் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டுகிறான். நான் 'தவறில்லை' என்று போட்டேன். எங்கள் தெருவில் அது தவறே இல்லை! லீகல் ரீசனிங்கில், அதாவது ஒரு சட்ட விதியைச் சம்பவத்துக்குப் பொருத்திப் பார்க்கும் பகுதியில், நான் விட்ட தப்புகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். பாசேஜ் சொல்கிற விதியை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும், மனசாட்சியை ஹாலுக்கு வெளியே செருப்போடு விட்டுவிட வேண்டும்.

திரையில் பார்த்து எழுதிப் பழகுவதில் இன்னொரு வம்பு, கிளாட் நடப்பது பேப்பரில், விடைக்கு வட்டம் நிரப்பும் ஓஎம்ஆர் தாளில். ஜெராக்ஸ் கடையில் ஓஎம்ஆர் தாள் பிரிண்ட் போட்டு, மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை, பரீட்சை நேரத்திலேயே உட்கார்ந்து வட்டம் நிரப்பிப் பார்த்தேன். நிரப்புவதற்கே பத்து நிமிடம் ஓடிவிட்டது. பேக்கில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

கணக்குக்குப் பயப்பட வேண்டாம், பத்து முதல் பதினாலு கேள்வி, பத்தாம் வகுப்பு சதவீதம், விகிதம்தான். பயப்பட வேண்டியது வாசிப்பு வேகத்துக்கு. பரீட்சை முழுக்க ஆங்கிலம், நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். நூலகத்தில் தினமும் ஆங்கிலப் பேப்பர் தலையங்கத்தைக் கடிகாரம் வைத்துப் படித்தது எட்டுப் புத்தகமும் செய்யாததைச் செய்தது, செலவு பஸ் டிக்கெட் மட்டும்.

பேக்கைவிட நல்ல பொருள் இலவசமாகவே கிடக்கிறது: பரீட்சை நடத்தும் கன்சார்டியத்தின் (தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) தளத்தில் இருக்கும் பழைய வினாத்தாள்கள். 2020-க்குப் பிந்தியவற்றை மட்டும் எடுங்கள், ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுதுங்கள். விடைக்குறிப்போடு ஒத்துப்போகவில்லை என்றால் உடனே நொந்துபோகாதீர்கள், நான் எழுதிய வருஷத்து விடைக்குறிப்பில் தப்பு இருக்கிறது என்று வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஆரம்பித்து உச்ச நீதிமன்றம் வரை போனது.

எனக்கு சீட் கிடைத்துவிட்டது. எட்டுப் புத்தகமும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. பேக் வாங்கிய கம்பெனியிலிருந்து மட்டும் இன்னும் போன் வருகிறது, "மேடம், இந்த வருஷம் கிளாட் எழுதுறீங்களா, புது ஆஃபர் இருக்கு" என்று.