‘டபுள் லேயர்’ என்ற வார்த்தையை நம்பி டெண்ட் வாங்காதீர்கள்

கேரளாவில் இடுக்கி மலையில் சூரியநெல்லி, வட்டவடை, காந்தளூர் பக்கம் குளிர்காலத்தில் டெண்ட் போட்டுத் தங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்குப் பணம் போனதுகூடப் பெரிதில்லை. அக்கா மகன் நடுராத்திரியில் நனைந்துபோய் மூச்சுக்குத் திணறியதுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது சூரியநெல்லியில். வீட்டுக்குப் பின்னால் மச்சானுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. டிசம்பர் லீவில் பிள்ளைகளோடு தோட்டத்து மேட்டில் ஒரு ராத்திரி படுப்பது என்று முடிவாகி, போடியிலிருந்து ஏறுவதற்கு முன்பே தேனிப் பக்கம் ஒரு கடையில் நாலு பேர் படுக்கிற டெண்ட் ஒன்று வாங்கினேன். 5,400 ரூபாய். நான் கேட்டது ஒன்றுதான்: “மேல பனி ஜாஸ்தி, உள்ள ஈரம் வராதுல்ல?”

“டபுள் லேயர்ணே. 3000 எம்.எம். வாட்டர்ப்ரூஃப். ஒரு சொட்டு இறங்காது.”

விரித்துக் காட்டச் சொன்னதற்கு, பிரித்தால் திரும்ப மடிக்க வராது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று வானத்தில் ஒரு மேகம் இல்லை. குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டுப் படுத்தோம். மூன்று மணி இருக்கும், “மாமா, மழை பெய்யுது” என்று பையன் எழுப்பினான். டார்ச் அடித்துப் பார்த்தால் கூரை முழுக்க முத்து முத்தாக நீர். காற்று அசைக்கும்போதெல்லாம் முகத்தில் கொட்டியது. வெளியே மழையே இல்லை. கம்பளி ஈரம், தலையணை ஈரம். அவனுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி, இன்ஹேலர் கொடுத்த பிறகுதான் மூச்சு சீரானது. “தெரிஞ்சே பிள்ளைய கூட்டிட்டுப் போனியாடா?” என்று அக்கா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

கடையில் போய்ச் சொன்னேன். தையலில் கசிந்திருக்கும் என்று சொல்லி, வாட்டர்ப்ரூஃப் ஸ்ப்ரே ஒன்றை 650 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள். அதை அடித்துக்கொண்டு ஜனவரி முதல் வாரம் நானும் மச்சானும் மட்டும் படுத்துப் பார்த்தோம். அதே ஈரம். காலையில், கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிற மச்சானின் கூட்டாளி வந்து ஒரு நிமிடம் பார்த்தார். “இது கசிவு இல்ல தம்பி, உங்க மூச்சு. இதுல இன்னரே இல்லையே” என்றார்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. தூங்கும்போது ஒரு ஆள் மூச்சிலும் தோலிலும் ஒரு ராத்திரிக்கு ஒரு டம்ளர் தண்ணீராவது ஆவியாக விடுகிறார். நாலு பேருக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். மேகமில்லாத ராத்திரியில் டெண்டின் துணி சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதில் படுகிற ஆவி நீராகிவிடும். நிஜமான இரட்டைக் கூடாரத்தில் உள்ளே ஆவியை வெளியே விடுகிற மெல்லிய துணி (இதுதான் இன்னர்), வெளியே பூச்சுப் போட்ட துணி (அவுட்டர்), நடுவில் காற்றோடும் இடைவெளி என்று இருக்கும். நீர் வெளித்துணியில்தான் கோக்கும், படுத்திருப்பவர் மேல் விழாது. எனக்கு விற்றது ஒற்றைத் துணி. அதன் உள்பக்கம் அடித்திருந்த சில்வர் பூச்சைத்தான் இரண்டாவது லேயர் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த 3000 எம்.எம். என்பதும் 3 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பதற்கான அளவு. வெளியிலிருந்து வரும் மழைக்குத்தான் அது. உள்ளே கோக்கும் நீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஸ்ப்ரேயும் அப்படித்தான். இல்லாத நோய்க்கு மருந்து விற்றிருக்கிறார்கள்.

துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நைலான் நீரை உறிஞ்சித் தொய்யும், பாலியஸ்டர் அந்த அளவுக்குத் தொய்யாது. ஆனால் பூச்சுப் போட்டுவிட்டால் இரண்டும் ஆவியை விடாது. பருத்திக் கித்தான் ஆவியை வெளியே விடும், நனைந்தால் இழை உப்பி மழையையும் தடுக்கும். காரில் போய் இறங்குகிறவர்களுக்கு நல்லது, ஆனால் ரொம்பக் கனம். ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடித்துவிடும். எதுவானாலும் மேல் ஜன்னலைத் திறந்து வையுங்கள், குளிர்ந்தாலும் பரவாயில்லை.

கடையில் இன்னர் இருக்கிற டெண்டைப் பிரித்துக் காட்டச் சொல்லி, அந்தத் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் வர வேண்டும். பில்லில் ‘இன்னர், அவுட்டர் தனித்தனி’ என்று எழுதி வாங்குங்கள். என் பில்லில் ‘டெண்ட் – 1’ என்று மட்டும் இருக்கிறது. இப்போது அதுதான் எனக்குத் தொல்லை. கீழே ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று வேறு அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன். டெண்டையும் ஸ்ப்ரே டின்னையும் பில்லோடு அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்.