நுரைத்துக் கரையும் பாராசிட்டமால்: வேகம் உண்டு, உப்பும் உண்டு

500 மில்லிகிராம் பாராசிட்டமால், தண்ணீரில் போட்டுக் குடிக்கும் வகை. சீக்கிரம் கேட்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் சீக்கிரம் கேட்பது வேறு, கூடுதலாகக் கேட்பது வேறு.

விழுங்கும் மாத்திரை வயிற்றுக்குள் போய் உடைந்து கரைய வேண்டும். பாராசிட்டமாலை உடல் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்வது சிறுகுடலில். இரைப்பை அதைக் கீழே இறக்கிவிடும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். நுரை மாத்திரையில் உடைவதும் கரைவதும் டம்ளரிலேயே முடிந்துவிடும், திரவம் இரைப்பையை விட்டும் வேகமாக இறங்கும். வெறும் வயிற்றில் குடித்தால் 20, 30 நிமிடத்தில் வலி குறையத் தொடங்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் இந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடும்.

ரத்தத்தில் சேரும் மொத்த மருந்து இரண்டு வகையிலும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் அளவும் அதேதான்: பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 1 அல்லது 2, குறைந்தது 4 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 8-ஐத் தாண்டக் கூடாது. சளி மருந்தில் இருக்கும் பாராசிட்டமாலும் இந்தக் கணக்கில் சேரும். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பெரிய குறை சோடியம். சிட்ரிக் அமிலமும் சோடியம் பைகார்பனேட்டும் தண்ணீரில் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை விடுவதால்தான் நுரை வருகிறது. வாயு பறந்துவிடும், சோடியம் தண்ணீரிலேயே நிற்கும். பல தயாரிப்புகளில் ஒரு மாத்திரைக்கு 400 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. 8 மாத்திரை என்றால் 3 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பே 2 கிராம்தான். ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தயவுசெய்து சாதாரண மாத்திரைக்கே போங்கள்.

டியூப் மூடிக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன, நல்ல ஏற்பாடு. ஈரக் கையால் எடுக்காதீர்கள், எடுத்ததும் மூடிவிடுங்கள். ஈரம் ஏறிய மாத்திரை உப்பி ஓரம் உதிரும்; தண்ணீரில் மந்தமாக நுரைத்து அடியில் கட்டியாகக் கிடக்கும். அரை டம்ளர் தண்ணீரில் முழுதாகக் கரைந்தபின் குடியுங்கள். அடியில் படிந்ததும் மருந்துதான், இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றி அதையும் குடித்துவிடுங்கள்.

உப்புக் கட்டுப்பாடு இல்லாத, மாத்திரை விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம், அதுவும் ஓரிரு நாள் தேவைக்கு மட்டும்.