ரொட் பிரேக்கா, கியரா? மட்டக்களப்பில் இரண்டு சைக்கிள் ஓடிப் பார்த்த கணக்கு

எங்கள் வீட்டுக் கொட்டிலில் இரண்டு சைக்கிள் நிற்கின்றன. ஒன்று அப்பாவின் கறுப்புச் சைக்கிள்: 28 அங்குலச் சில்லு, ரொட் பிரேக் (வயருக்குப் பதிலாக இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக்), செயினை முழுதாக மூடும் கவர், ஒரே கியர். மற்றது அக்காவின் மகன் கொழும்புக்குப் படிக்கப் போகும்போது விட்டுப்போன கியர் சைக்கிள்: 26 அங்குலச் சில்லு, முன்னால் 3 பல்லுச் சக்கரம், பின்னால் 6, முன் போர்க்கில் அதிர்வு தாங்கும் சொக். 2022 இல் பெற்றோலுக்கு விடிய விடிய வரிசையில் நின்று, பிறகு கியூஆர் கோட் காட்டி அளந்து வாங்கிய நாட்களில் மோட்டார் சைக்கிளை மூடி வைத்துவிட்டு இந்த இரண்டையும் தட்டி எடுத்தேன். அன்று தொடங்கி நாவற்குடாவிலிருந்து கல்லடிப் பாலம் ஏறி, ரவுணைக் கடந்து, வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுக்கு வேலைக்குப் போய்வருவது சைக்கிளில்தான்.

"பழசைத் திருத்துறதா, கியர் சைக்கிள் ஒண்ணு வாங்குறதா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கியரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய சாமான். முதலில் பிரேக், அடுத்தது ரயர், பிறகு செயின். காசை அந்த வரிசையில்தான் இறக்க வேண்டும். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு எழுதவில்லை.

மாரியில் பிரேக்

கார்த்திகை மாதம், நல்ல மழை. கறுப்புச் சைக்கிளில் கல்லடிப் பாலத்தால் ரவுண் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் போன ஓட்டோ திடீரென்று நின்றது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். கம்பி மேலே எழுந்தது, கட்டை ரிம்மில் முட்டியது, சைக்கிள் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. காலை நிலத்தில் ஊன்றி, ஓட்டோவின் பின் பம்பரைக் கையால் பிடித்துத்தான் நின்றேன். செருப்பின் அடி அன்றைக்கே கிழிந்தது. பின்னால் பஸ் ஏதாவது வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் அந்த இடத்தைக் கடக்கும்போது நினைப்பேன்.

பிரேக்கில் பழுது ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன், கட்டை புதுசு, கம்பி நேராக இருந்தது. குரோம் பூசிய இரும்பு ரிம் கண்ணாடி போல வழவழப்பானது. அதில் தண்ணீர் படிந்தால் ரப்பர் கட்டைக்குப் பிடிமானம் கிடைக்காது. சில்லு பல சுற்றுச் சுற்றித் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். அலுமினிய ரிம்மில் இந்த வழுக்கல் மிகக் குறைவு. அதே பாலத்தில், அதே மழையில் கியர் சைக்கிளின் வி பிரேக், வயரால் இழுத்து ரிம்மை இரு பக்கமும் கவ்வுவது, என்னை ஓட்டோவுக்கு முன்னமே நிறுத்தியிருக்கும்.

"அப்ப கறுப்புச் சைக்கிளுக்கு அலுமினிய ரிம் போடுவமே" என்று தோன்றும். போட முடியாது. ரொட் பிரேக் ரிம்மைப் பக்கவாட்டில் கவ்வுவதில்லை. ரிம்மின் உள்வளைவில், சில்லுக் கம்பிகள் இறங்கும் பக்கமாக வந்து அழுத்துகிறது. அந்த வடிவத்துக்கென்றே வளைத்த இரும்பு ரிம் அது. மாற்றுவதென்றால் ரிம், பிரேக், ஹான்டில் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். அந்தக் காசுக்கு வேறு சைக்கிளே பார்க்கலாம்.

ரொட் பிரேக்குக்கு இருக்கிற நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். அதில் துருப்பிடித்து இறுகுவதற்கு வயர் கிடையாது. கோடையில் ஒரு நட்டைத் தளர்த்தி, கம்பியைக் கொஞ்சம் ஏற்றி இறுக்கினால் ஆறு மாதம் பார்க்கத் தேவையில்லை. கியர் சைக்கிளில் அப்படி இருக்க முடியாது. நாவற்குடாவில் கடற்காற்று வீட்டுக்குள்ளேயே வருகிறது. பிரேக் வயர் வெளிக்குழாய்க்குள்ளே துருவேறி இறுகிவிடும், லீவரை விட்டாலும் கட்டை திரும்பி வராது. வருடம் ஒரு முறை, மாரிக்கு முன்னால், உள்வயரை மாற்றிவிடுகிறேன். மலிவான சாமான், பத்து நிமிட வேலை. பிரேக் கட்டையையும் கழற்றி முகத்தைப் பாருங்கள். கடற்கரை மணலும் அலுமினியத் துணுக்கும் அதில் குத்திக்கொண்டு மினுங்கும். அதைத் தையல் ஊசியால் கிண்டி எடுக்காமல் விட்டால் அதுவே அரமாகி ரிம்மைத் தின்னும். ரிம்மின் பக்கச்சுவர் விரலுக்குக் குழிவாகத் தெரிந்தால் அந்த ரிம்மின் ஆயுள் முடிந்தது.

இரண்டு 26 ஒன்றல்ல

ரயரில் நான் பட்ட பாடு இன்னொருவர் படக்கூடாது. கியர் சைக்கிளுக்குப் பின் ரயர் வாங்கப் போனேன். "26" என்று கேட்டேன், 26 தந்தார்கள். வீட்டில் வந்து போட்டால் ரயர் ரிம்மில் லொடலொடவென்று ஆடியது. நான் வாங்கி வந்தது 26 × 1⅜. அது கியர் இல்லாத சாதாரண 26 அங்குலச் சைக்கிளுக்கு உரியது, அதன் ரிம் அளவு 590 மில்லிமீற்றர். எனக்கு வேண்டியது 26 × 1.95, அதன் ரிம் 559. பெயர் ஒன்று, வித்தியாசம் 31 மில்லிமீற்றர். அப்பாவின் 28 × 1½ க்கு 635. ரயரின் பக்கத்தில் சின்ன எழுத்தில் 37-590, 50-559, 40-635 என்று அச்சடித்திருக்கும். கோட்டுக்குப் பின்னால் வருகிற மூன்று இலக்கம் பொருந்தினால்தான் ரயர் ஏறும். பழைய ரயரை அப்படியே கையில் கொண்டுபோவது அதைவிட நல்லது.

ஓட்டத்துக்கு வந்தால், கியர் சைக்கிளோடு வருகிற கட்டைப் பல் ரயர் எங்கள் தார் வீதிக்குத் தேவையில்லை. உர்ரென்று இரைந்துகொண்டு காலின் பலத்தை எல்லாம் உறிஞ்சும். நடுவில் வழவழப்பும் ஓரத்தில் வெட்டும் உள்ள 1.5 அகல ரயராக மாற்றியதும், புதுச் சைக்கிளில் ஏறியது போல இருந்தது. அந்தச் சைக்கிளில் நான் செய்த மேம்பாடுகளில் காசுக்கு அதிகம் தந்தது இதுதான். வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குள்ளே கிரவல் பாதையில் தினமும் ஓடுகிறவர் மட்டும் பல் ரயரை வைத்திருக்கலாம். கறுப்புச் சைக்கிளின் ரயர் பிறந்ததிலிருந்தே மெல்லியது, காற்றை 45 பிஎஸ்ஐ அளவில் வைத்தால் தானாக உருளும்.

ஒட்டா, புது ரியூப்பா? இதற்கு இரண்டு சைக்கிளுக்கும் இரண்டு பதில். கறுப்புச் சைக்கிளின் பின் சில்லைக் கழற்றுவதென்றால் செயின் கவர், செயின், மட்காட் கம்பி, கரியர் என்று அரை நாள் போகும். ஆகவே சில்லைக் கழற்றாமல், இடப்பக்கத்தால் ரியூப்பை இழுத்தெடுத்து ஒட்டுப் போடுவதுதான் சரி. கியர் சைக்கிளில் சில்லு ஐந்து நிமிடத்தில் கழன்றுவிடும். புது ரியூப் ஒன்றைப் பையில் வைத்திருந்து வழியில் மாற்றிவிட்டு, ஒட்டு வேலையை வீட்டில் செய்யலாம்.

ஒட்டுப் போடுவதில் அவசரம்தான் எதிரி. பேசினில் தண்ணீர் விட்டு ரியூப்பை அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். அதைப் பேனையால் குறித்து, நன்றாகத் துடைத்து, அரத்தாளால் மினுக்கம் போகும்வரை தேய்க்க வேண்டும். சொலூஷனை மெல்லிசாகப் பூசிவிட்டு, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் வெயிலில் நிறுத்திய அன்றே கழன்றுவிடும். ரியூப்பை உள்ளே தள்ளுமுன் ரயரின் உட்புறத்தை ஒரு பழந்துணியால் சுற்றித் துடையுங்கள். நெருஞ்சி முள் இருந்தால் துணி கொழுவும். ஒரே நாளில் மூன்று முறை காற்றுப் போன எனக்கு, ரயரில் ஒடிந்து நின்ற முள்ளின் நுனி மூன்றாவது முறைதான் துணியில் அகப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

வால்விலும் வித்தியாசம் உண்டு. கறுப்புச் சைக்கிளின் பழைய வால்வில் ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும். அது வெடித்தால் ரியூப்பில் ஓட்டையே இல்லாமல் காற்று இறங்கும். அதை மாற்ற மிகச் சொற்பக் காசு போதும். கியர் சைக்கிளுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு என்பதால் பெற்றோல் செட்டிலேயே காற்றடிக்கலாம்.

செயின்

எங்கள் கரையில் செயினைக் கொல்வது உப்பும் மணலும். இதில் அப்பாவின் சைக்கிள் வெகு தூரம் முன்னால். முழுக் கவருக்குள்ளே மணல் போவதில்லை, மழையும் நேரே படுவதில்லை. கியர் சைக்கிளின் செயின் திறந்த வெளியில் ஓடுகிறது. கடற்கரை வீதியில் ஒரு பின்னேரம் போய்வந்தால் செயினில் மணல் கரகரப்பது காதுக்குக் கேட்கும்.

தேய்ந்ததா என்று அறிய ஓர் அடி மட்டம் போதும். செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம். ஒரு பின்னின் நடுவில் சுழியத்தை வைத்தால், அதற்கு அடுத்த பின்னிலிருந்து எண்ணி வரும் 24 ஆவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அரை நூல், அதாவது 1/16 அங்குலம், தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். ஒரு நூல், 1/8 அங்குலம், தள்ளிவிட்டால் செயின் பின்சில்லுப் பல்லுகளையும் தன் அளவுக்குத் தேய்த்திருக்கும். அப்போது புதுச் செயின் போட்டாலும் பெடலை அழுத்தும்போது டக் டக்கென்று வழுக்கும். நான் முதல் முறை செயினை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பிப் போனபோது, எங்கள் வீதிச் சைக்கிள் கடை ஐயா பின் சில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிறீவீல் சுறாப் பல்லு மாதிரிக் கிடக்கு மனே. இதுக்கு மேல என்ன செயின் போட்டாலும் நிக்காது." பிறீவீல் என்ற பின் பல்லுச் சக்கரத்தில் பல்லின் ஒரு பக்கம் சாய்ந்து, நுனி கூராகியிருந்தது. அதற்குப் பிறகு மட்டத்தை எடுக்காமல் நான் செயின் வாங்குவதில்லை.

எண்ணெய் விஷயத்தில் ஊரில் மூன்று பழக்கம் உண்டு. தேங்காயெண்ணெய் கொஞ்ச நாளில் பிசுபிசுத்து மணலைப் பிடிக்கும். மோட்டார் சைக்கிளில் வடித்த பழைய ஒயில் இலவசம், ஆனால் அதற்குள்ளேயே என்ஜின் அழுக்கு இருக்கிறது, களிசானையும் கறுப்பாக்கும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, மழைக்குக் கழுவிப் போய்விடும், ஆனால் சுத்தமானது. திறந்த செயினுக்கு நான் புது என்ஜின் ஒயிலைத்தான் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைச் சுற்றி, வெளியில் நிற்கும் எண்ணெயை முழுவதும் துடைத்துவிடுகிறேன். துடைப்பதை மறந்தால் மணல் ஒட்டும். கவருக்குள் இருக்கும் செயினுக்கு வருடம் ஒரு முறை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் விட்டால் போதும்.

கியர் எதற்கு?

மட்டக்களப்பில் மலை இல்லை. பாலத்தின் ஏற்றத்தைத் தவிர ஏறுவதற்கு ஒன்றும் கிடையாது. ஆனால் காற்று இருக்கிறது. கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதங்களில் மேற்கே வவுணதீவுக்குப் போகும்போது வாவிக்கு மேலால் அனல் முகத்தில் அடிக்கும். அப்பாவின் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 5.4 மீற்றர் போகும். அமைதியான காலைக்கு அது அருமையான கணக்கு, கச்சானுக்குப் பாரம். பின்னால் 20 பல் பிறீவீல் போட்டேன். இப்போது ஒரு சுற்றுக்கு 4.9 மீற்றர்தான், ஆனால் முழங்கால் நோவதில்லை. மற்றச் சைக்கிளின் 18 கியரில் நான் உண்மையில் பாவிப்பது மூன்று. முன் கியர் மாற்றியையும் அதன் வயரையும் கழற்றிவிட்டு நடுச் சக்கரத்தை மட்டும் வைத்திருக்கிறேன், துருப்பிடிக்கும் சாமான் ஒன்று குறைந்தது.

சொக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாரம், உள்ளே உப்புத் துரு, இரண்டாம் மாரிக்கே இறுகிவிட்டது. வாங்குகிறவர்கள் சொக் இல்லாத போர்க்கைத் தேடுங்கள். சீற் குழாய் அலுமினியம் என்றால் இரும்புச் சட்டத்துக்குள் இறக்குமுன் கிறீஸ் பூசுங்கள். பூசாமல் விட்ட என் சைக்கிளில் வெள்ளை மா போல ஒன்று பூத்து, இரண்டும் ஒன்றாகிக் கிடந்தன. கழற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.

பாரம் ஏற்றுவதில் போட்டியே கிடையாது. கறுப்புச் சைக்கிளின் பின் சில்லில் 40 கம்பி, கியர் சைக்கிளில் 36. 25 கிலோ அரிசி மூட்டையைக் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு அப்பாவின் சைக்கிள் நேராக நடக்கிறது. மற்றது வாலாட்டுகிறது.

புதிதாக வாங்கப் போகிறவருக்கு நான் சொல்வது இந்த இரண்டையும் அல்ல: கியர் இல்லாத 26 × 1⅜ சைக்கிள், அலுமினிய ரிம், வயர் பிரேக், கிடைத்தால் முழுச் செயின் கவர். வீட்டில் கறுப்புச் சைக்கிள் இருந்தால் அதை விற்காதீர்கள், உருமாற்றவும் வேண்டாம். சில்லின் நடு ஹப்பில் போல்ஸ் (இரும்புக் குண்டுகள்) மாற்றி, கிறீஸ் வைத்து, நல்ல ரயர் போட்டுக் கோடை முழுவதும் ஓடுங்கள். முன் ஹப்புக்கு 3/16 அங்குல போல்ஸ், பின்னுக்கு 1/4. பழைய ரலி கொம்பனிச் சைக்கிள் என்றால் பெடல் அச்சின் கப்பை அளவு பார்க்காமல் வாங்க வேண்டாம். அதன் புரி அங்குலத்துக்கு 26, மற்றவற்றில் பெரும்பாலும் 24. பலவந்தமாக முறுக்கினால் சட்டமே பழுதாகும்.

இந்த வருடமும் ஐப்பசி பிறந்ததும் அப்பாவின் சைக்கிளைத் துடைத்து, ரிம்மில் மெல்லிசாக எண்ணெய் தடவி, இரண்டு சில்லும் நிலத்தில் படாமல் கொட்டில் வளையில் கட்டித் தூக்கினேன். கியர் சைக்கிளுக்குப் புது உள்வயர் இரண்டும் பின் பிரேக் கட்டையும் போட்டாயிற்று. முன் கட்டை இன்னும் ஒரு மாரிக்குத் தாங்கும்.