வெறும் வயிற்றுச் சீனியா, லிப்பிட் புரொபைலா?

2021 இல் அக்காவுக்கு நீரிழிவு என்று உறுதியான அன்று, அவரது பழைய ரிப்போட்டுகளை வெள்ளவத்தை வீட்டு மேசையில் பரப்பிப் பார்த்தோம். வெறும் வயிற்றுச் சீனி (டெசிலீட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 2016 இல் 92, 2018 இல் 95, 2019 இல் 97. எல்லாம் நோமல். அதே தாள்களில் ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு 178, 205, 231. மூன்றிலும் பக்கத்தில் ‘எச்’, அதாவது கூடுதல், என்று அச்சடித்திருந்தது. பெண்களுக்கு 50 ஆவது இருக்கவேண்டிய எச்டிஎல் என்ற ‘நல்ல’ கொலஸ்ட்ரோல், 41ஐத் தாண்டவேயில்லை. சீனி இல்லைதானே என்று நாங்கள் ஒவ்வொரு தடவையும் ஃபைலை மூடி வைத்திருக்கிறோம்.

எனக்கு 40 வயதானபோது நீரிழிவு வரும் அறிகுறியை முன்கூட்டியே அறிய எந்தப் பரிசோதனையை நம்புவது என்று யோசித்து, ட்ரைகிளிசரைட்டையும் கொலஸ்ட்ரோல் வகைகளையும் சேர்த்து அளக்கும் லிப்பிட் புரொபைலுக்கே முதலிடம் கொடுத்தேன்.

வெறும் வயிற்றுச் சீனி மலிவு, எந்த லாப்பிலும் செய்யலாம். 100க்குக் கீழே நோமல். 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தடவை வந்தால் நீரிழிவு. எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சீனிச் சராசரியைச் சொல்லும், சாப்பிட்டுவிட்டும் போகலாம். ஆனால் இரத்தச்சோகையோ, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயோ இருந்தால் பிழையாகக் காட்டக்கூடும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது, எது முதலில் அசைகிறது என்பதுதான். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியாதபோது, கணையம் இன்னும் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது. அப்படிச் சமாளிக்கும் வருடங்களில் சீனி நோமலாகவே நிற்கும். ஈரலில் நடப்பது வேறு. வயிற்றுக் கொழுப்பிலிருந்து வரும் கொழுப்பமிலத்தையும் மிஞ்சிய மாச்சத்தையும் அது ட்ரைகிளிசரைடாக்கி, விஎல்டிஎல் என்ற கொழுப்புச் சுமக்கும் துகள்களில் ஏற்றி இரத்தத்துக்குள் விடுகிறது. அதில் ஒரு பங்கு எச்டிஎல்லுக்குக் கைமாறும். அப்படி ட்ரைகிளிசரைட் ஏறிய எச்டிஎல் சீக்கிரம் கழிந்துபோகும். ஒன்று ஏற மற்றது இறங்குவது இதனால்தான். ‘கெட்ட’ கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்டிஎல்லின் அளவோ பெரிதாக மாறாமலே இருந்துவிடலாம்.

என் ரிப்போட்டும் அப்படித்தான் வந்தது. மொத்தக் கொலஸ்ட்ரோல் 198, எல்டிஎல் 120, சீனி 94. ட்ரைகிளிசரைட் மட்டும் 212, எச்டிஎல் 36. டொக்டர் மேசை லாச்சியிலிருந்து டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார்: 96 சென்டிமீட்டர். தெற்காசிய ஆண்களுக்கு எல்லை 90, பெண்களுக்கு 80. இடுப்பு, ட்ரைகிளிசரைட் 150, எச்டிஎல் ஆண்களுக்கு 40, இரத்த அழுத்தம் 130க்கு 85, சீனி 100 என்ற ஐந்து எல்லைகளில் மூன்று பிசகினால் (எச்டிஎல் குறைந்தால், மற்றவை கூடினால்) நீரிழிவு, இருதய நோய் அபாயத்தைக் கூட்டும் மெட்டபொலிக் சின்ட்ரோம். சீனி நோமலாக இருக்கும்போதே எனக்கு இடுப்பு, ட்ரைகிளிசரைட், எச்டிஎல் மூன்றும் பிசகியிருந்தது. தேத்தண்ணீரில் சீனியை விட்டேன், இரவு இடியப்பத்தைப் பாதியாக்கினேன், மரைன் டிரைவில் தினமும் நடந்தேன். ஆறு மாதத்தில் ட்ரைகிளிசரைட் 149க்கு இறங்கியது. எச்டிஎல் 39தான், அது மெதுவாகத்தான் ஏறும்போல.

குறையும் உண்டு. ட்ரைகிளிசரைட் நாளுக்கு நாள் ஆடும். மதுவும் தைரொயிட் குறைவும் சில மருந்துகளும் அதை ஏற்றிவிடும். முதல் தடவை கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாளே இரத்தம் கொடுத்துவிட்டு, இரண்டு கிழமை கழித்துத் திரும்பச் செய்தேன். மேலே சொன்னது அந்த இரண்டாவது ரிப்போட். அப்புறம், நீரிழிவை உறுதிசெய்வது சீனிப் பரிசோதனைதான், லிப்பிட் அல்ல. லிப்பிட் நன்றாக இருந்தும் நீரிழிவு வருபவர்கள் இருக்கிறார்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்க்கும் பரிசோதனை, வெறும் வயிற்றுச் சீனி தவறவிடுவதைப் பிடிக்கும். நான் அதை ஒரே ஒரு தடவைதான் செய்தேன், அதனால் அழுத்திச் சொல்லமாட்டேன். நூற்றுக்கணக்கான கொழுப்பு வகைகளைத் தனித்தனியாக அளக்கும் லிப்பிடோமிக்ஸ் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூட விஷயம். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

லாப்பில் ‘கொலஸ்ட்ரோல்’ என்று மட்டும் கேட்டால் மொத்த அளவை மட்டும் பார்த்துத் தந்துவிடலாம். லிப்பிட் புரொபைல் என்று கேளுங்கள், பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போங்கள். சீனியையும் அதே ஊசியில் பார்த்துக்கொள்ளலாம். போன மாதம் அக்காவின் மகனை, 26 வயது, அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனேன். சீனி 88, ட்ரைகிளிசரைட் 164.